போலிப் பத்திரம் தெரியவந்ததும் செய்யக்கூடாதவை

போன வாரம் ஓர் அம்மா அலுவலகத்துக்குப் பதறிக்கொண்டு வந்தார். அவருடைய காலி மனையை யாரோ ஆள்மாறாட்டம் செய்து கிரயம் பதிந்திருந்தார்கள். என் ஜூனியர் அவரிடம், "முதல்ல எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம்மா" என்றார். வக்கீலாகச் சேர்ந்த புதிதில் நான் சொன்ன அதே வார்த்தை. கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. அசலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேசித் தீர்க்கப் போவது

அந்தப் புதிதில் என்னிடம் வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனை. வரி கட்டப் போன இடத்தில்தான், அது வேறொருவர் பெயரில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. வழக்கு என்றால் வருடக்கணக்கில் இழுக்கும், பேசிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். எதிராளியும் மிகப் பணிவாகப் பேசினார். "தப்பு நடந்துடுச்சு சார், அடுத்த மாசம் ரத்துப் பத்திரம் போட்டுத் தர்றேன்" என்றார். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று எட்டு மாதம் போயிற்று. அதற்குள் மனை இரண்டு கை மாறி, கடைசியாக வாங்கியவர் அதை வங்கியில் அடமானமும் வைத்துவிட்டார். ஒருவர் மீது போட்டிருக்க வேண்டிய வழக்கை நான்கு பேர் மீது போட்டோம்.

போலிப் பத்திரத்தால் யாருக்கும் உரிமை வராது. போலிப் பத்திரம் வைத்திருப்பவரிடமிருந்து வாங்கியவருக்கும் வராது. சட்டம் அப்படித்தான். ஆனால் அதை நிரூபிக்க, வாங்கிய ஒவ்வொருவரையும் வழக்கில் சேர்த்தாக வேண்டும். முதல் வாரமே வழக்குப் போட்டிருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, நிலுவையில் இருக்கும்போது வாங்குபவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். தடையுத்தரவு வாங்கிச் சார்பதிவாளரிடம் கொடுத்திருந்தால் அடுத்த கிரயமே நின்றிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, விஷயம் தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுதான் காலக்கெடு. சமாதானம் பேசி நீங்கள் எழுதிய முதல் கடிதமே, உங்களுக்கு எப்போது தெரியும் என்பதற்கு அவர்கள் கையில் சாட்சியாகிவிடும்.

நடுவில் ஒருவர் வந்து, "ஒரு தொகையைக் கொடுங்க, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கித் தர்றேன்" என்பார். அதாவது, எதிராளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். இல்லாத உரிமையை எதிராளி எப்படி விடுதலை செய்ய முடியும்? அதை வாங்கினால், அவருக்கு ஏதோ உரிமை இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். அந்தப் பெரியவர் கையெழுத்துப் போடும் அளவுக்கு வந்துவிட்டார். அவர் மகள்தான் தடுத்தார், நான் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது.

புகாரோடு நிறுத்திக்கொள்வது

காவல்துறை புகார் அவசியம். மாவட்ட அளவில் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் கொடுக்கலாம். பதிவுச் சட்டம் 1908-இன் 82-ஆம் பிரிவுப்படி ஆள்மாறாட்டத்துக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் குற்றவாளி சிறைக்குப் போவதால் மட்டும் வில்லங்கத்தில், அதாவது சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலில், இருக்கும் அந்தப் பதிவு போய்விடாது. சிவில் வழக்கும் கூடவே நடக்க வேண்டும்.

ரேகையை மறப்பது

போலிப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை அன்றைக்கே வாங்குங்கள். எழுதிக் கொடுத்தவராக வந்தவரின் புகைப்படம், சாட்சிகளின் முகவரி எல்லாம் அதில் கிடைக்கும். பதிவு அலுவலகத்தில் வைத்த பெருவிரல் ரேகையை உங்கள் ரேகையோடு ஒப்பிடக் கேளுங்கள். கையெழுத்தைப் பழகிப் போடலாம், ரேகையை முடியாது.

பட்டா இருக்கிறதே என்று சும்மா இருப்பது

பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது கிரயப் பத்திரம் ஆகாது.

பவரை நம்புவது

வாங்கப் போகிறவர்களுக்கு இது. பவர் என்பது, தன் சார்பில் சொத்தை விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்தது. உயிரோடு இருப்பதாகச் சான்று காட்டினாலும், நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்கியபோது பார்த்ததோடு விடுவது

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். காலி மனை வைத்திருப்பவர்கள், குறிப்பாக வெளியூரில் இருப்பவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய சர்வே எண், புதிய எண் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள்.