‘ரெண்டு வட்டி’ என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேங்கில் நகைக்கடனுக்கு 9 சதவீதம் என்கிறார்கள், தெரிந்தவர் ஒருவர் ‘ரெண்டு வட்டிக்குத் தர்றேன்’ என்கிறார். எது குறைவு? பேங்க் சொல்வது வருஷத்துக்கு, அவர் சொல்வது மாசத்துக்கு. இது தெரியாமல் தலையாட்டிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

முதல் வேலை, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. ‘ஒரு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். 12-ஆல் பெருக்கினால் வருடச் சதவீதம் வந்துவிடும். ரெண்டு வட்டி 24 சதவீதம், மூணு வட்டி 36. நகைக்கடன் 9 சதவீதம் என்றால் 12-ஆல் வகுங்கள்: 75 பைசா வட்டி.

அடுத்து, ரூபாயில் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி மாதம் 1,000. வருடம் முழுக்க 12,000 கட்டியிருப்பீர்கள், அசல் 50,000 அப்படியே நிற்கும். 9 சதவீதத்தில் அதே வருடத்துக்கு வட்டி 4,500தான்.

இனி தண்டல். இங்கேதான் நிதானம் வேண்டும். 10,000 ரூபாய்க் கடனில் 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘1,500தானே வட்டி’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போகிறது. சராசரியாக உங்களிடம் இருப்பது அந்த 8,500-ல் பாதியை ஒட்டித்தான். அப்படிக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய பத்து வட்டி! காய்கறி வண்டிக்காரர்களும் பூக்காரம்மாக்களும் தினமும் கட்டுவது இதைத்தான். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் மீட்டர் வட்டியும் பெயர் சொல்லியே இருக்கின்றன.

இஎம்ஐ கடனிலும் இதே கதை உண்டு. 1,20,000 ரூபாய், ‘ஃபிளாட் 10 சதவீதம்’, 12 மாதம் என்றால் தவணை 11,000. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் போடப்படுகிறது. உண்மையில் இது 18 சதவீதம், அதாவது ஒன்றரை வட்டி. அதனால் ‘குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்?’ என்று கேளுங்கள்.

கடைசியாக, தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.