பெரிய கத்தி செய்யச் சொல்லும்போது வாலைக் கவனியுங்கள்

ஒரு மழைக்கால மாலையில் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், காய்ந்த தென்னை மட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, வெட்டுகத்தியின் அலகு பிடியைவிட்டுக் கழன்று வாழைகளுக்குள் போய் விழுந்தது. அந்தப் பக்கம் ஆள் யாரும் நிற்காதது தெய்வாதீனம். பிடியைப் பிளந்து பார்த்தேன். உள்ளே போயிருந்த இரும்பு மூன்று விரற்கடைகூட இல்லை. அதைச் சுற்றிலும் துரு பொடியாக உதிர்ந்தது, மரத்தின் உட்புறம் கருத்திருந்தது. பிடிக்குள் நீளும் அந்த இரும்பைத்தான் இங்கே வால் என்று குறிப்பிடுகிறேன். தோட்ட வேலைக்கான வெட்டுகத்தியானாலும், அடிமுறை என்ற தற்காப்புக் கலையைப் பழகுபவர் செய்யச் சொல்லும் பெரிய கத்தியானாலும், கொல்லரிடம் முதலில் பேச வேண்டியது வாலைப் பற்றித்தான்.

அலகு நீளமாக ஆக, நுனியருகே விழும் அடியின் தாக்கம் அலகும் வாலும் சேரும் கழுத்தில் பெருகுகிறது. விளைக்கத்தி பெரும்பாலும் ஒரே திசையில் வேலை செய்யும். சண்டைக்கத்தியோ எதிராளியின் வீச்சைத் தடுக்கும்போது பக்கவாட்டிலும் அடி வாங்கும். ஆகவே வாலின் அகலத்தைவிடக் கழுத்தின் வடிவமே முக்கியம் என்பது என் கருத்து. வால் குறுகத் தொடங்கும் உள்மூலை அரத்தால் வெட்டியதுபோல் கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அந்த மூலையை உருண்டையாக வளைத்து, அரத்தின் கீறல் தெரியாதபடி தேய்க்கச் சொல்லுங்கள். துவைச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிரவைத்து இறுகச் செய்வது, வாய்ப்புறத்துக்கு மட்டும் போதும். வாலும் சேர்ந்து இறுகிவிட்டிருந்தால், அலகைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு, வாலை நீல நிறம் வரும்வரை, அதாவது ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் இரும்பு சற்று இளகி, முறிவதற்குப் பதிலாக வளைந்து கொடுக்கும்.

குச்சி போன்ற ஒடுங்கிய வால் பலவீனமானது என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. 1942இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கா-பார் கத்தியின் அலகு சுமார் 7 அங்குலம். அதன் வால் ஒடுங்கியதுதான், ஆனால் அடுக்கிய தோல் வளையங்களின் நடுவே பிடியின் கடைசிவரை சென்று உலோகக் குமிழில் முடிகிறது. ஆக, ஒடுங்கிய வாலைத் தேர்ந்தெடுத்தால் அது பிடி முழுவதும் ஓடி, மறுபக்கம் வெளிவந்து, தகட்டின் மேல் அடித்து மடக்கப்பட்டிருக்க வேண்டும். பிடியின் அகலத்துக்கே வால் அமைந்து, இருபுறமும் மரத்துண்டுகளை ரிவெட் அடித்துப் பொருத்துவது மற்றொரு முறை. மரம் உடைந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. குக்ரி என்ற நேபாள வளைகத்தியில் இந்த இரண்டு அமைப்பும் உண்டு. ஆனால் அகன்ற வால் எடையைக் கைப்பக்கம் இழுத்து வெட்டின் பலத்தைக் குறைக்கும். அதனால் கடைசியை நோக்கி அதை மெலியச் செய்வது நல்லது. ரிவெட் துளைகள் சிறியவையாக, கழுத்திலிருந்து தள்ளி இருக்கட்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், மரம் ஊறுவதும் சுருங்குவதும் ஓயாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். பிடிக்கு நன்றாக உலர்ந்த அயனியோ பூவரசோ போதும். பொருத்துமுன் வாலில் எபாக்சி பசையை இடைவெளியின்றிப் பூசச் சொல்லுங்கள். அரக்கு சூட்டில் இளகிவிடும்.

வேளாண்மைக்கோ வீட்டு வேலைக்கோ அல்லாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும் என்பதால், அளவைச் சொல்லுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கத்தி கைக்கு வந்ததும் பிடியைத் தளர்வாகப் பிடித்து, முதுகில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தெளிந்த ஓசை வந்தால் வால் இறுகியிருக்கிறது. சலசலத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் காய்ந்த மட்டையின் அடிப்பகுதியைப் பத்து முறை வெட்டிவிட்டு, பிடியின் வாயில் தலைமுடி நுழையும் அளவுக்காவது புதிய இடைவெளி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.