டாலிகஞ்ச்ல (கல்கத்தா சினிமா உலகத்துல) உதவி இயக்குநரா சேர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் செட்ல ஒரு புதுப் பையன் கன்டினியூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப் போறதுக்கு, நடிகையோட முகத்தை மட்டும் போட்டோ எடுத்துட்டு ஓடினான், நானும் இதே தப்பைப் பண்ணினவன்தான், அதான் எழுதறேன். லேட்டா வர்றது, கிளாப்ல நம்பர் மாத்தி எழுதறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

கையைப் பாக்காம விடறது

பெங்காலி வீட்ல கல்யாணமான பொண்ணு கையில வெள்ளை சங்கு வளையலும் சிவப்பு பவள வளையலும் கிடக்கும், ஷாங்கா போலான்னு சொல்வாங்க, நம்ம ஊர் தாலி மாதிரி, புருஷன் போனா அதுவும் போயிடும். நான் வேலை பாத்த ஒரு படத்துக்கு வட கல்கத்தால ஒரு பழைய வீடு, ரெண்டே நாள்தான் கிடைச்சுது. அதனால கதையில வர்ற பொண்ணு விதவையான பிறகு வர்ற சீன் காலைல, புருஷனோட உக்காந்து சாப்பிடற சீன் மதியம். சேலை மாத்தி வகிட்ல குங்குமமும் வச்சாச்சு, வளையலை மட்டும் யாரும் போடல, காஸ்ட்யூம்ல மேக்கப் பாத்துப்பாங்கன்னு நினைச்சாங்க, மேக்கப்ல அவங்க பாத்துப்பாங்கன்னு நினைச்சாங்க, பாக்க வேண்டிய நான் லஞ்ச் பாக்கெட் எண்ணிட்டிருந்தேன்.

எடிட்டிங்ல பாத்தா குளோசப்ல வெறுங்கை, விரல் மீன் முள்ளை எடுக்குது. அந்தக் காலத்து விதவை மீனைத் தொடவே மாட்டா, இந்த ஷாட்டைப் பாத்தா எந்த பெங்காலி அம்மாவும் எழுந்து போயிடுவாங்க. திரும்ப எடுக்கலாம்னு போனா துர்கா பூஜைக்கு வீட்டுக்கு பெயின்ட் அடிச்சிட்டாங்க, சுவர் கலரே வேற. படத்துலயே நல்ல சீன் அது, வெட்டிப் போட்டோம். இப்ப நினைச்சாலும் எரியுது.

ஷூட்டிங் எந்த ஆர்டர்ல போனாலும் கதையில அது எத்தனாவது நாள்னு தனியா எழுதி வைங்க. ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் நெத்தி, காது, கழுத்து, ரெண்டு கைன்னு அதே வரிசையில பாருங்க. சத்யஜித் ரே ஷாட்டெல்லாம் வரைஞ்சு வச்ச மாதிரி சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டு இங்க கடையில கிடைக்கும், நான் அதுலதான் எழுதறேன்.

கில்டு கார்டை (சங்க உறுப்பினர் அட்டையை) வாங்காம தள்ளிப் போடறது

போடாதீங்க.

வெளிச்சத்தை சென்னைக் கணக்குல பாக்கறது

டிசம்பர்ல இங்க அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிடும்.

மிச்சத்தை அப்புறம் எடுத்துக்கலாம்னு விடறது

1952 அக்டோபர்ல ரே 'பதேர் பாஞ்சாலி'க்காக காஷ்ங்கற வெள்ளை நாணல் பூக்காட்டுல ஒரு நாள் எடுத்துட்டு, சில நாள் கழிச்சு மிச்சத்தை எடுக்கப் போனா மாடெல்லாம் பூவை மேஞ்சுட்டுது. அடுத்த வருஷம் திரும்ப பூக்கற வரைக்கும் காத்திருந்து எடுத்தாரு.