எனக்கு வேண்டிய மின்னூல் கருவி: நீங்களும் வரைந்து பாருங்கள்

முதலில் கருவியின் மாதிரியாக ஓர் அட்டையைக் கையகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பேருந்தில் ஒரு கை கம்பியில் இருக்க, மறுகையால் வலிக்காமல் பிடிக்க முடிகிற அளவே சரி.

திரை, அச்சிட்ட தாள்போலத் தெரியும் இ-இங்க் (மின்மை) வகைதான். பக்கம் மாறும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் வேண்டும். வெயிலிலும் தெளிவாகத் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் ‘ஞ’, ‘ணை’ சுழிகள் பிசிறாது.

அடுத்ததை அட்டையில் பெரிதாக எழுதுங்கள்: ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃபின் தமிழை எழுத்தாக்கி, ஈபப் (திரைக்கேற்ப வரிகள் மாறும் மின்னூல் வடிவம்) போல வரி மடித்துத் தர வேண்டும். 6 அங்குலத் திரையில் பக்கத்தை இழுத்து இழுத்தே என் அப்பா வாசிப்பை விட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அகராதியும் தமிழ் அறிய வேண்டும். ‘வந்தான்’ என்பதைத் தொட்டால் ‘வா’ திறக்கட்டும்.

பின்புறம் நான்கு திருகாணி வரையுங்கள். பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம்.