படத்தில் பார்த்த கவசத்தின் நிறம் அப்படியே வர

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆண்டு விழாவுக்காகப் படத்தில் வந்த கவசத்தையோ வாளையோ செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே காட்சியை நிறுத்தி, அதில் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள். படம் எடுத்து முடித்த பிறகு கலர் கிரேடிங்கில் நிறத்தை மாற்றியிருப்பார்கள். நிழலில் நீலப்பச்சை ஏறியிருக்கலாம். படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த புகைப்படம் கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையா, பகல் வெளிச்சக் காட்சிகள் நாலைந்து எடுத்து, அதில் வெள்ளைத் துணி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். அதுவே மஞ்சளடித்தால் கவசத்திலும் அந்த மஞ்சள் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

பெயிண்ட் கடையில் போனில் திரையை மஞ்சளாக்கும் நைட் மோடை அணைத்துவிட்டு, ஷேடு கார்டை வாசலுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போகிற நிறம் வெயிலில் வேறாகத் தெரியலாம். மேடை விளக்கிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அதிகம் ஏமாற்றுவது தங்க நிறம்தான். வெள்ளை அடிப்பூச்சின் மேல் அடித்தால் வெளிறிப்போகும். செங்கல் நிறத்தின் மேல் அடித்துப் பாருங்கள், பழைய நகையின் களை வந்துவிடும். கறுப்பின் மேல் என்றால் வெண்கலம் மாதிரி இருண்டு நிற்கும். அப்புறம் கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக் பெயிண்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேடான இடங்களைத் துணியால் துடைத்துவிடுங்கள். பல வருடம் போரில் புழங்கிய தோற்றம் வரும், பார்க்கவே அருமையாக இருக்கும்.

எதையும் முதலில் மிச்சத் துண்டில் அடித்துக் காயவிடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் கருக்கும். தெர்மாகோல் என்றால் ஸ்பிரே பெயிண்டை நேரடியாக அடிக்கவே வேண்டாம், கரைத்துவிடும். ஃபெவிகால் பூசிக் காயவைத்து அக்ரிலிக் அடியுங்கள்.