டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல நாம எறக்காத ஃபைல் எப்படி வருது? ப்ரௌசர்ல பண்ணக்கூடாத தப்புங்க

போன வாரம் பெரியப்பா லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு கூப்பிட்டாரு, போய் டவுன்லோட்ஸ் ஃபோல்டர தொறந்தா கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், பேத்தியோட ஹால் டிக்கெட்னு ஒரே குவியல். அதுல ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. மத்த ஃபைல் எதுலயும் பேருக்கு பின்னாடி பிடிஎஃப்னு இல்ல, இது மட்டும் 'பில்.பிடிஎஃப்'னு நிக்குது, படமும் பிடிஎஃப் படம்தான். வியூ மெனுவுல போயி ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ டிக் பண்ணேன், உடனே அது 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'ன்னு நீண்டுச்சு. இஎக்ஸ்இன்னா டாக்குமெண்ட் இல்ல, தொறந்தா ஓடுற ப்ரோக்ராம். விண்டோஸ் அந்த கடைசி வால மறைச்சுதான் வச்சிருக்கும், நாமதான் காட்ட சொல்லணும். எப்ப எறக்குனீங்க பெரியப்பான்னு கேட்டா அவருக்கு ஞாபகமே இல்ல. சில சைட் நாம கேக்காமயே ஃபைல தள்ளி விடும், ப்ரௌசரும் அத அப்படியே சேவ் பண்ணிடும்.

இங்கதான் நெறைய பேரு தப்பா புரிஞ்சிக்கிறாங்க. ஃபைல் எறங்குன உடனே எல்லாம் போச்சுன்னு பயப்படுறாங்க, இல்லன்னா எதுவும் ஆகலயேன்னு அப்படியே விட்டுடுறாங்க. பெரும்பாலும் ஃபைல் சும்மாதான் கெடக்கும், நாம தொறந்தாதான் ஓடும். அது நம்ம ஃபைலோட ஃபைலா கலந்து கெடந்து, ஒரு மாசம் கழிச்சு நம்ம பில்லுதானேன்னு நாமளே டபுள் கிளிக் பண்றோம் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறோம்.

அதனால மொத தப்பு, நம்மள கேக்காம ப்ரௌசர சேவ் பண்ண விடுறது. க்ரோம்ல செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் போயி 'எங்க சேவ் பண்றது'ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குற ஆப்ஷன ஆன் பண்ணுங்க, ஃபோன் க்ரோம்லயும் இருக்கு. நாம கேக்காம ஒரு பெட்டி வந்து நின்னா கேன்சல் போட்டுட்டு அந்த டேப மூடிடலாம். 2008ல விண்டோஸ்ல ஓடுன ஆப்பிளோட ப்ரௌசர் சஃபாரி கேக்காமயே டெஸ்க்டாப் முழுக்க ஃபைல கொட்டும், ஜூன்ல 3.1.2 வெர்ஷன் விட்டுதான் ஆப்பிள் அத சரி பண்ணாங்க. மேக் வச்சிருக்கவங்க இன்னைக்கும் சஃபாரி செட்டிங்ஸ்ல ஜெனரல் போயி, 'சேஃப்' ஃபைல டவுன்லோட் ஆனதும் தானா தொறக்குற டிக்க எடுத்துடுங்க.

க்ரோம்ல 'ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ்'னு சைட் செட்டிங்ஸ்குள்ள ஒண்ணு இருக்கு, அத பாத்துட்டு நமக்கு பாதுகாப்பு இருக்குன்னு நெனச்சிடாதீங்க. ஒரு சைட் அடுத்தடுத்து பல ஃபைல தள்ளுனாதான் அது குறுக்க வந்து கேக்கும், மொத ஃபைல தடுக்காது. எப்பவோ அவசரத்துல அலவ் குடுத்த சைட் அந்த லிஸ்ட்ல இருந்தா எடுத்து விடுங்க.

அடுத்தது 'உங்க ப்ரௌசர் பழசு, அப்டேட் பண்ணுங்க'ன்னு ஏதோ ஒரு பக்கத்துல பட்டன் வர்றது. க்ரோம் அப்டேட் அப்படி வெப்சைட்ல இருந்து ஃபைலா வராது, மூணு புள்ளி, ஹெல்ப், அபௌட் போனா அதுவே பாத்து போட்டுக்கும். அதே நேரம் நெஜ அப்டேட்ட தள்ளி போடுறதும் தப்புதான், ஏன்னா ப்ரௌசர்ல ஓட்டை இருந்தா தொறக்காமயே உள்ள பூந்துடும், தொறந்தாதான் ஓடும்னு நான் மேல சொன்னதுக்கு விதிவிலக்கு அதுதான். விண்டோஸ் 7ல க்ரோம் அப்டேட் 109வது வெர்ஷனோட நின்னுடுச்சு, அதுல இன்னும் நெட் பேங்கிங் பண்றவங்கள பாத்தா நெஜமாவே கவலையா இருக்கு.

'நான் ரோபோ இல்ல'ன்னு நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆர்-யையும் அமுக்கி, வர்ற ரன் பெட்டியில எதையாவது பேஸ்ட் பண்ண சொன்னா பண்ணவே பண்ணாதீங்க, நம்ம கையாலயே வைரஸ ஓட வைக்கிற வேலை அது. பெருசா பச்சை கலர்ல இருக்குற டவுன்லோட் பட்டன் பல நேரம் வெளம்பரம்தான், நல்ல ஆட் ப்ளாக்கர் ஒண்ணு போடுங்க, 2022 டிசம்பர்ல அமெரிக்காவோட எஃப்பிஐயே மக்களுக்கு இத சொன்னாங்க. ஃபோன்ல ட்ராஃபிக் ஃபைன், கல்யாண பத்திரிகைன்னு வாட்ஸப்ல ஏபிகே, அதாவது ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல், வந்தா தொடாதீங்க, பத்திரிகை எதுக்குங்க ஆப்பா வரணும்? ஆண்ட்ராய்டுல 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' போயி க்ரோம், வாட்ஸப் ரெண்டுக்கும் ஆஃப் பண்ணி வச்சிடுங்க.

ஏற்கனவே வந்துடுச்சா, தொறக்காம அழிச்சு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. தொறந்துட்டீங்கன்னா மொதல்ல நெட்ட கட் பண்ணுங்க, விண்டோஸோடவே வர்ற டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்க, மெயில், பேங்க் பாஸ்வேர்ட எல்லாம் வேற ஒரு மெஷின்ல இருந்து மாத்துங்க, அதே லேப்டாப்ல உக்காந்து மாத்துனா புது பாஸ்வேர்டும் சேர்ந்து போயிடும்.