மனசு சுணங்கினால் ஒரு வாழைப்பழ கேக்

கோடை முடிந்து சீக்கிரமே இருட்டத் தொடங்கினால் மனசும் கொஞ்சம் சுணங்கிப்போகும். அப்படி ஒரு மாலையில் வாழைப்பழ கேக் செய்து பாருங்கள். தோல் கறுத்துக் கனிந்த பழம் 3 போதும்; இனிப்பும் மணமும் அதில்தான் அதிகம். மசித்து, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 125 கிராம், முட்டை 1 சேர்த்துக் கலக்குங்கள். அப்புறம் மைதா 190 கிராம், சமையல் சோடா 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. மாவு போட்டபின் ரொம்பக் கிளறாதீர்கள், கேக் இறுகிவிடும். வெண்ணெய் தடவிய டின்னில் ஊற்றி, முன்பே சூடாக்கிய அவனில் 175 டிகிரி செல்சியஸில் சுமார் 50 நிமிடம். நடுவில் குத்திய குச்சியில் ஈரமாவு ஒட்டாவிட்டால் சரி. வேகும்போதே வாசனை வீடெல்லாம் பரவும். எனக்கு முதல் துண்டைவிட அதுதான் பிடிக்கும்.